இல்லத்துப் பணிவிடையும் சங்கத்தின் கடமையும்

தவணை தவறிய கடன்களின் பட்டியலைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் செல்வது, ஆண்டுதோறும் நமது அலுவலின் ஒரு பகுதியாகும். கொல்லிமலையின் மேல் ஒரு சிற்றூருக்கு அவ்வாறு சென்றபோது, பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே முந்திய ஆண்டு நாமே எழுதியிருந்த குறிப்பைக் கண்டோம். "வசதியுண்டு, முயற்சியில்லை" என்பது அக்குறிப்பு. அந்த அங்கத்தினருக்கு மிளகுக்கொடி ஏறிய மரங்கள் பல இருப்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுச் சாலையோரத்தில் நின்றபடியே எழுதியது அது. இம்முறை வீட்டுக்குள் சென்றோம்.

அங்கத்தினர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போயிருந்தன. அவருடைய மனைவி அவரை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். பாதத்தில் தீப்புண் ஒன்று காணப்பட்டது. மலைக்குளிருக்காகக் கட்டிலருகே வைத்த நெருப்புச் சட்டி சுட்டதை அவர் உணரவில்லையாம்! வெளியே, பழுத்த மிளகு உதிர்ந்து கிடந்தது. "பறிக்கப் போனால் இவரைத் திருப்பிப் போட ஆள் இல்லை, ஐயா. இவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் மிளகு குருவிக்கும் மண்ணுக்கும் போகிறது" என்றார் அந்த அம்மையார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது அடிக்கடி திருப்பிப் போடச் சொன்னார்களாம். எப்படித் திருப்புவது என்று ஒருவரும் செய்து காட்டவில்லையாம்.

நாம் எழுதிய குறிப்பு எவ்வளவு தவறானது என்பதை அன்று உணர்ந்தோம். அத்தவறே இம்மாதப் பாடத்துக்குக் காரணமாயிற்று. நோயுற்றோரையும் முதியோரையும் ஊனமுற்றோரையும் வீட்டில் வைத்துப் பேணுகிறவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும், என்ன துணை வேண்டும், அதில் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம். சம்பளமின்றி, வீட்டு மனிதர் என்ற முறையில் இத்தொண்டைச் செய்பவரைப் 'பணிவிடையாளர்' என்று குறிப்பிடுவோம்.

பணிவிடையும் உழைப்பே

சங்கத்தின் கணக்கில் நூலுக்கு மதிப்புண்டு, மிளகுக்கும் காப்பிக்கும் மதிப்புண்டு, கூலிக்கும் மதிப்புண்டு. ஆனால் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு இரவில் மும்முறை எழுந்து துணி மாற்றும் மருமகளின் உழைப்புக்கு எப்பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

2024ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, இதன் ஒரு பகுதியை எண்ணிக் காட்டியுள்ளது. 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 41 பேர் நாள்தோறும் வீட்டிலுள்ளோரைப் பேணும் பணியில் ஈடுபடுகின்றனர். ஆண்களில் நூற்றுக்கு 21.4 பேர். அவ்வாறு ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 140 நிமிடமும், ஆண் ஒருவர் 74 நிமிடமும் அதற்குச் செலவிடுகின்றனர். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும். உலகத் தொழிலாளர் நிறுவனம் 2018இல் 64 நாடுகளின் விவரங்களைத் திரட்டிக் கணக்கிட்டபோது, ஊதியமில்லாப் பேணற்பணிக்கு நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாவதாகவும், அதில் நான்கில் மூன்று பங்கு பெண்களுடையது என்றும் கண்டது. ஆகவே இது ஒரு வீட்டாரின் தலைவிதியன்று. உலகெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவரும் பெருந்தொழில் எனலாம்.

மலையிலும் தறியிலும்

கொல்லிமலையில் இவ்வுழைப்பு இருமடங்கு கடினமானது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சாலையிலிருந்து விலகிய சிற்றூர்களிலிருந்து நோயாளியைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் சுமக்க ஆள் தேட வேண்டும். வாழவந்தி நாட்டிலாயினும் சேலூர் நாட்டிலாயினும் வலிமையுள்ள பிள்ளைகளுள் பலர் கீழே சென்றுவிட்டனர். சிலர் திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும், சிலர் நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும், சிலர் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகளிலும் வேலை செய்கின்றனர். மலையில் எஞ்சியிருப்போர் முதியவர்களும், அவர்களைப் பேணும் பெண்களுமே. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயது கடந்தோர் 2021இல் நூற்றுக்கு 13.6 பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது; பெரிய மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்த இடம் நமதே. இவ்விகிதம் ஏறிக்கொண்டே செல்லும் என்பதில் ஐயமில்லை.

மலையடிவாரத்துக்கு அப்பால் இராசிபுரம் பக்கத்து நெசவாளர் வீட்டிலும் நிலைமை வேறன்று. தறியில் அமர்பவர் ஒருவராயினும், தறி ஓடுவது குடும்பத்தின் கையால் என்பது நெசவாளர் அறிந்ததே. தார் சுற்றுபவர் எழுந்து போய்விட்டால் நாடா வெறுமனே கிடக்கும். பக்கவாதம் கண்ட தந்தையருகே மனைவி அமர வேண்டியதாயின், கணவனே தார் சுற்றி, கணவனே நெய்ய வேண்டும். நான்கு நாளில் இறங்க வேண்டிய சேலை ஏழு நாளாகும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இது 'உற்பத்திக் குறைவு' என்றே பதிவாகும். காரணத்தை எழுதுவதற்கு அதில் இடமில்லை.

பணிவிடையாளர் கற்கவேண்டியவை

அன்பு இருந்தால் போதும், பணிவிடை தானே வரும் என்று எண்ணுவது பிழை. நாற்று நடுவதற்கும் பாவு ஓட்டுவதற்கும் பழக்கம் வேண்டியிருப்பது போலவே இதற்கும் கைப்பழக்கம் வேண்டும். இன்றியமையாத சிலவற்றை இங்கே விளக்குவோம். நர்சு அல்லது இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் நேரில் செய்துகாட்ட, உடனிருந்து செய்து பழகினாலன்றி இவை கைவரா என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

முதலாவது, படுக்கைப் புண்ணைத் தடுத்தல். ஒரே பக்கமாகப் படுத்திருப்பவரின் இடுப்பெலும்பு, முதுகின் அடி, குதிகால் ஆகிய இடங்களில் உடலின் பாரம் தோலை அழுத்த, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். நாள்தோறும் வெளிச்சத்தில் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் தோல் வெளுத்துப் பின் சிவக்கவேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண்ணின் தொடக்கம் என்று அறிக. கறுத்த மேனியில் சிவப்புத் தெரியாது. அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்விடத்தை எண்ணெயிட்டுத் தேய்ப்பது நன்மையென்று பலர் நினைக்கின்றனர். தேய்த்தால் உள்ளே நைந்த தசை மேலும் நையும். அவ்விடத்தில் பாரம் படாமற் செய்வதே மருந்து. கெண்டைக்காலின் கீழ் மடித்த துணியை வைத்துக் குதிகாலைத் தூக்கி நிறுத்துக. ஈரத்துணியை உடனே மாற்றுக. படுக்கை விரிப்பில் மடிப்பு இல்லாதபடி இழுத்து விரிக்கவும். மடிப்பும் தோலை அறுக்கும்.

இரண்டாவது, உணர்ச்சியற்ற உடலை நெருப்பினின்றும் காத்தல். முதுகுத்தண்டு அடிபட்டவரும், நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவரும் சூட்டை அறியார். மார்கழி தைக் குளிரில் அவர் காலருகே நெருப்புச் சட்டியும் வெந்நீர்ப் புட்டியும் வைப்பது பெருந்தீங்கு. கம்பளியும் காலுறையுமே போதும்.

மூன்றாவது, உணவூட்டல். பக்கவாதம் கண்டவருக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கலாம். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் காய்ச்சலில் முடியும். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கவளமாக ஊட்டுக. ஒன்று இறங்கிய பின்னரே மற்றொன்று. உண்டபின் அரைமணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். உண்ணும்போது இருமினாலோ, குரல் நீர் கலந்தாற்போல் கரகரத்தாலோ ஊட்டுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. நம் பக்கத்தில் கேழ்வரகுக் களியை உருண்டையாக விழுங்குவது வழக்கம். இத்தகையவருக்கு அது அடைத்துக்கொள்ளும். நீர்த்த தண்ணீரும் சிலருக்குப் புரையேறும். கட்டியில்லாமல் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சிய கூழ் இவ்விரண்டுக்கும் நடுவானது. எது ஏற்றது என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

நான்காவது, தூக்குதலும் நகர்த்துதலும். இதில் இருவர் உடல் அடங்கியுள்ளது. பக்கவாதத்தில் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவி ஆயுள் முழுதும் வலிக்கும். தூக்குபவர் இடுப்பை வளைக்காமல், கால்களை அகற்றி முழங்காலை மடக்கி, நோயாளியைத் தம் உடலுக்கு நெருக்கமாக வைத்து எழ வேண்டும். மூட்டை தூக்கிப் பழகியவர்க்கு இது புதிதன்று. இயலுமாயின் இருவராகவே செய்க. பணிவிடையாளரின் இடுப்பு பிடித்துக்கொண்டால் அவ்வீட்டில் நோயாளிகள் இருவராவர்.

ஐந்தாவது, அபாயக் குறிகளை அறிதல். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் எது தோன்றினும் பக்கவாதமாகக் கருதி 108க்குச் சொல்லுக. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, குறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள், ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின் செலுத்த வேண்டும். 70 வளைவு இறங்கி ஸ்கேன் உள்ள மருத்துவமனையை அடையும் நேரமும் அந்த நாலரை மணியில் அடங்கியதே. ஆகவே, "விடியட்டும், பார்க்கலாம்" என்பது மலைவாசிகள் சொல்லக்கூடாத சொல். குறி எப்போது தோன்றியது என்பதையும் குறித்துக்கொள்க. மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி அதுவே.

ஆறாவது, மறதி நோய் கண்ட முதியோரிடம் நடந்துகொள்ளும் முறை. உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பதும், மாலையானதும் வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்புவதும் பிடிவாதமன்று, மூளையின் நோய். வாதம் செய்து வெல்ல முயல்வதால் பயனில்லை. பேச்சை மாற்றி, கையில் சிறு வேலை கொடுத்து, கூடவே நாலடி நடந்து திரும்புவது பயன்தரும். அவரைப் பேய் பிடித்தவர் என்று ஒதுக்குவது அறியாமை.

பயிற்சி மட்டும் போதுமா?

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் இரண்டு ஆராய்ச்சிகளைத் தெரிந்துகொள்வது நலம். இரண்டும் நம் நாட்டிலேயே நடந்தவை.

முதலாவது, பக்கவாதம் பற்றியது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, முடிவை 2017இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினரின் குடும்பத்தார்க்கு மருத்துவமனையிலும் பின் வீட்டிலும் பயிற்சி தந்து, நோயாளியை எழுந்து நடமாடச் செய்யும் பயிற்சிகளை அவர்களே செய்விக்கும்படி ஏற்பாடு செய்தனர். மற்றொரு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவினராயிருந்தனர். பயிற்சி பெற்ற குடும்பம், தேர்ந்த சிகிச்சையாளருக்கு ஈடாகவில்லை.

இரண்டாவது, மறதி நோய் பற்றிக் கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008இல் வெளிவந்தது. அதில் மருத்துவரல்லாத உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சி தந்து, அவரை வீடுகளுக்குத் தொடர்ந்து அனுப்பினர். அவர் நோயின் தன்மையை விளக்கினார். பணிவிடையாளரின் குறைகளைக் கேட்டார். கிடைக்கக்கூடிய உதவிகளை எடுத்துச் சொன்னார். வேண்டியபோது மருத்துவர் துணையும் கிடைத்தது. ஆறு மாதத்தில் பணிவிடையாளரின் மனவேதனை தெளிவாகக் குறைந்திருந்தது.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் யாது? குடும்பத்தாருக்குப் பயிற்சி தருவது, அரசாங்கமும் மருத்துவமனையும் தம் பொறுப்பைக் கைகழுவுவதற்கு வழியாகிவிடக் கூடாது. நோயாளி தேறுவதற்கு வல்லுநர் வேண்டும். பணிவிடையாளர் தளராதிருப்பதற்கோ, தொடர்ந்து வந்து கேட்கும் ஒரு மனிதர் வேண்டும். ஒருநாள் வகுப்பு நடத்திப் படமெடுத்துக் கொள்வதோடு முடிந்துவிடும் காரியமன்று இது.

தொடர்ந்து வரும் மனிதரை எங்கே பெறுவது? கேரளத்தார் தம் ஊராரிடையே பெற்றனர். 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கிற்று. அதனின்றும் கிளைத்து, அந்நூற்றாண்டின் இறுதியில் அக்கம்பக்கத் தொண்டர் வலையமைப்பாக மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அது பரவியது. ஆசிரியர், மாணவர், கடைக்காரர், கூலியாள் ஆகியோர் பயிற்சி பெற்றுத் தத்தம் தெருவில் நெடுநாள் படுக்கையிலிருப்போர் வீட்டுக்குச் சென்றுவந்தனர். 2008இல் கேரள அரசாங்கம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

கிடைக்கக்கூடிய உதவிகள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும், ஒன்றியந்தோறும் வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு நர்சும், ஓர் இயன்முறைச் சிகிச்சையாளரும் என்பது இதன் ஏற்பாடு. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. கொல்லிமலை தனி ஒன்றியமாதலால் இவ்வேற்பாட்டில் நமக்கும் இடமுண்டு. நம் சிற்றூரில் படுக்கையில் கிடப்போர் யார் யார் என்பதைத் தன்னார்வலரிடம் பெயரும் இடமும் சொல்லித் தெரிவிப்பது முதற் கடமை. நாம் சொல்லாத வீடு அவருக்கும் தெரியாமற் போகலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் பெற்றோ பெறாமலோ பேணும் பெற்றோரையும் குடும்பத்தாரையும் 'பேணுநர்' என்னும் சொல்லில் அடக்கியுள்ளது. மிகுதியான துணை தேவைப்படுவோர்க்குப் பேணுநர் உதவித்தொகை வழங்குவது பற்றியும் கூறுகிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுத்திறன் குறைந்தோர், முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் முதலியோருக்கான மாதாந்திரப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாம் சொன்ன அந்த அங்கத்தினரின் வீட்டார் இதைக் கேள்விப்பட்டதேயில்லை. அவர்களுக்குத் தேவையானவை அடையாள அட்டையும், மருத்துவச் சான்றும், விண்ணப்பம் எழுத ஒரு கையும் மட்டுமே. சங்கத்தின் எழுத்தருக்கு அரைமணி வேலை இது. முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், மனத்துயர்க்கு 14416 என்ற எண்ணிலும் தொலைபேசியில் பேசலாம்.

சங்கம் என்ன செய்யலாம்?

"கடன் கொடுப்பதும் விளைபொருள் விற்பதுமே சங்கத்தின் வேலை, நோயாளி வீட்டில் அதற்கென்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். மலைப்பகுதிச் சங்கங்களின் வரலாறே இதற்கு விடை கூறும். 1971இல் பாவா குழு ஆராய்ந்து, பழங்குடி மக்களுக்குத் தனித்தனிச் சங்கம் பல வேண்டாம், எல்லாத் தேவைக்கும் ஒரே பெருஞ்சங்கம் வேண்டும் என்று பரிந்துரைத்ததன் பயனாகவே பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. நோக்கம் பல என்பது பெயரிலேயே உள்ளது. 1995இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும். ஏழாவது, சமுதாயத்தின்பால் அக்கறை. இல்லத்துப் பணிவிடைக்குப் பயிற்சி தருவது இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதாகும்.

பிற இடங்களில் கூட்டுறவாளர் இதைச் செய்தும் காட்டியுள்ளனர். குஜராத்தில் சேவா இயக்கத்துப் பெண்கள் 1990இல் சுகாதாரத்துக்கென்றே ஒரு கூட்டுறவைப் பதிவு செய்தனர். இத்தாலி 1991இல் தனிச் சட்டம் இயற்றி, முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் தொண்டு செய்யும் சமூகக் கூட்டுறவுகளுக்கு இடம் வகுத்தது. ஜப்பானிய விவசாயக் கூட்டுறவுகள், பிள்ளைகள் நகரம் சென்றுவிட்ட கிராமங்களில், 1990களில் உழவர் வீட்டுப் பெண்களுக்கு முதியோர்ப் பணிவிடையில் முறையான பயிற்சி அளித்தன. அவ்வூர்களின் நிலைமை நம் மலையின் நிலைமையை ஒத்ததே.

நம் சங்கங்கள், துணைவிதிகளுக்கு உட்பட்டு, பெரும்பணச் செலவின்றிச் செய்யக்கூடியவை ஐந்து.

ஒன்று, பணிவிடைப் பதிவேடு. எந்த அங்கத்தினர் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், பேணுபவர் யார், அவருக்கு மாற்று ஆள் உண்டா என்று கமிட்டியினர் ஊர்வாரியாக எழுதவேண்டும். தவணை தவறிய பட்டியலைப் பரிசீலிக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே கட்டாதவரையும், கட்ட இயலாதவரையும் ஒரே கோலால் அளப்பது நீதியன்று; வசூலுக்கும் அது உதவாது.

இரண்டு, பயிற்சி நாள். காப்பி, மிளகு அறுவடையில்லாத மாதத்தில், ஒன்றியத்து நர்சையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் வேண்டி அழைத்து, சங்கக் கட்டிடத்தில் கட்டில் ஒன்றைப் போட்டுச் செய்துகாட்டச் சொல்லலாம். ஆண்களும் வந்து பழக வேண்டும். தூக்குவதற்கு வலிமையுள்ளவர் திண்ணையில் அமர்ந்திருக்க, மெலிந்தவர் தனியே தூக்குவது எவ்வகையிலும் முறையாகாது. வரமுடியாத பணிவிடையாளரே பெரும்பாலோர் ஆதலால், அன்று அவர் வீட்டில் அமர ஒருவரையும் ஏற்பாடு செய்க.

மூன்று, கருவிக் கையிருப்பு. சக்கர நாற்காலி, காற்று மெத்தை, நடைச்சட்டம், பெட்பான் ஆகியவை ஒரு வீட்டில் சில மாதம் பயன்பட்டுப் பின் பரண்மேல் கிடப்பவை. தெளிப்பான் இயந்திரத்தை மாறிமாறிப் பயன்படுத்துவது போலவே இவற்றையும் சங்கக் கிடங்கில் வைத்து இரவல் தரலாம். பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையை இதற்குச் செலவிட மகாசபையில் தீர்மானிக்கலாம்.

நான்கு, பெண்களுக்கு அங்கத்தினர் உரிமை. பங்கும் பட்டாவும் கணவர் பெயரில் இருக்க, அவர் விழுந்தபின் கடன்சீட்டும் விற்பனைப் பணமும் மனைவி கைக்கு வருவதில் தடைகள் நேர்கின்றன. நலமாயிருக்கும்போதே மனைவியையும் அங்கத்தினராகச் சேர்ப்பதும், நியமனதாரர் பெயரைச் சரியாக எழுதிவைப்பதும் அறிவுடைமை.

ஐந்து, எல்லாவற்றினும் எளியதும் சிறந்ததும்: மாற்றாள் முறை. "இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ" என்று களையெடுப்பிலும் அறுவடையிலும் ஆள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் உழவர் அறிந்தது. அதைக் காட்டோடு நிறுத்தாமல் கட்டிலருகேயும் கொண்டுவரலாம். வாரத்தில் இரண்டு முற்பகல் பக்கத்து வீட்டார் ஒருவர் நோயாளியருகே அமர்ந்தால், பணிவிடையாளர் காட்டுக்கோ சந்தைக்கோ தறிக்கோ சென்றுவரலாம்; சிலபோது வெறுமனே தூங்கவும் செய்யலாம். தூக்கமும் தேவையே. மாதக்கணக்கில் இரவு விழித்தவர்க்குக் கோபம் வரும். கோபத்தில் கடுஞ்சொல் வரும். பின்பு அதை எண்ணி அழுகை வரும். இவை கெட்ட மனத்தின் அடையாளங்களல்ல. ஓய்வில்லாத உடலின் அடையாளங்கள். இப்படிப்பட்டவரைப் "பொறுமையில்லாதவள்" என்று ஊர் பேசுவதை விட, இரண்டு மணி நேரம் அவருடைய இடத்தில் சென்று அமர்வது மேல்.

அந்தச் சிற்றூரில் இது நடந்தது. அடுத்த மிளகுப் பருவத்தில் மூன்று வீட்டார் முறைவைத்து அங்கத்தினரருகே அமர்ந்தனர். திருப்பிப் படுக்கவைக்கும் முறையை அவ்வீட்டு அம்மையாரே அவர்களுக்குக் கற்பித்தார். அவருக்கு அதைக் கற்பித்தவர் ஒன்றியத்து நர்சு. பறித்த மிளகு முந்திய ஆண்டுகளின் அளவுக்கு இல்லை. கடன் முழுதும் தீரவும் இல்லை. வட்டியும் அசலில் ஒரு பகுதியும் வந்தன. அங்கத்தினர் நடக்கவில்லை, நடப்பார் என்று யாரும் சொல்லவுமில்லை. ஆனால் பாதத்துப் புண் ஆறியிருந்தது, புதுப்புண் வரவில்லை. பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பமும் போயிருந்தது.

பதிவேட்டில் நாம் முன்பு எழுதிய குறிப்பை அடித்துவிட்டு, கீழே கையொப்பமிட்டு, இவ்வாறு எழுதினோம்: "இவ்வீட்டில் முயற்சி உண்டு, ஆள்தான் இல்லை." ஆளில்லாத வீட்டுக்கு ஆளாக நிற்பதற்கே நம் முன்னோர் சங்கம் கண்டனர். ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதே கூட்டுறவு. இல்லத்துப் பணிவிடையைப் போல ஒருவரால் ஆகாத காரியம் வேறு யாது?

ஆய்வு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் நெடுநாள் படுக்கையிலிருப்போர் எத்தனை பேர்? அவர்களைப் பேணுவோருள் சங்க அங்கத்தினர் எத்தனை பேர்?

2. படுக்கைப் புண் ஏன் உண்டாகிறது? அதன் முதற் குறியை எவ்வாறு கண்டறிவது? ஒருவர் செய்துகாட்டுக.

3. பக்கவாதத்தின் மூன்று குறிகள் யாவை? உங்கள் சிற்றூரிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையை அடைய எவ்வளவு நேரமாகும்? அதைக் குறைக்க ஊரார் செய்யக்கூடியது என்ன?

4. குடும்பத்தாருக்குப் பயிற்சி தருவது மட்டும் ஏன் போதாது? இரு ஆராய்ச்சிகளையும் ஒப்பிட்டுக் கூறுக.

5. தவணை தவறிய அங்கத்தினர்களுள் நோயாளியைப் பேணும் குடும்பங்கள் எவை? அவர்கள் பொருட்டுக் கமிட்டி எடுக்க வேண்டிய தீர்மானத்தை எழுதி, அடுத்த கூட்டத்தில் வைக்குமாறு காரியதரிசியிடம் கொடுங்கள்.